புதிய ஆங்கில ஆசிரியருக்கு: மெட்டீரியல் தேடித் தூக்கம் தொலைக்காமல் இருக்க ஒரு வழிகாட்டி

உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்க ஆரம்பித்த முதல் வருடம், என் மடிக்கணினியில் 'இங்கிலீஷ்' என்றொரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் 'புதியது', அதற்குள் 'புதியது 2', அதற்குள் 'கட்டாயம் பார்க்க'. வருடக் கடைசியில் உட்கார்ந்து எண்ணினேன். ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள். வகுப்புக்குள் போனவை அறுபதைத் தாண்டாது. மற்றவை எல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மறுநாள் முதல் பீரியடை நினைத்துப் பயந்துபோய் இறக்கி வைத்தவை.

இப்போது அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. பணமும் பெரிதாகச் செலவாவதில்லை. இங்கே வருவதற்குள் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டியதில்லை என்பதால் வரிசையாக எழுதி வைக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்து நேராகத் தேடலில் இறங்கியதுதான் நான் செய்த முதல் தப்பு.

1. இணையத்தைத் திறக்கும் முன் காகிதங்களை எடுத்து வையுங்கள்

மேசையில் இருக்க வேண்டியவை: பாடத்திட்டம், பாடநூல், கடைசி இரண்டு தேர்வுகளின் வினாத்தாள், பள்ளி நாட்காட்டி, முடிந்தால் போன வருடம் அதே வகுப்பை எடுத்தவரின் குறிப்பேடு. கடைசியாகச் சொன்னதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் திணறினார்கள் என்ற ஒரு வரி அதில் இருந்தால்கூட லாபம்தான்.

நாட்காட்டியை வைத்து உண்மையில் எத்தனை பீரியட் கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். தேர்வு வாரம், விடுமுறை, விளையாட்டு விழா, விழா ஒத்திகை எல்லாவற்றையும் கழியுங்கள். முதல் பருவத்தில் 60 பீரியட் என்று நினைத்துத் திட்டம் போட்டேன். கிடைத்தது 43. பதினேழு பாடங்களுக்கான தாள் அலமாரியில் அப்படியே கிடந்தது.

அப்புறம் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நகல் எடுக்கலாம்? ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர் இருந்தால் யாரிடம், எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும்? மாணவர்கள் இணையத்தில் கணக்குத் தொடங்கப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டுமா, அதற்குப் படிவம் இருக்கிறதா? மூன்றுக்கும் வாய்ச்சொல்லாகப் பதில் வாங்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவில் 'யார் சொன்னது?' என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

இந்தப் படிக்கு ஒரு பிற்பகல் போதும்.

2. பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் எழுதுங்கள்

'பாஸ்ட் டென்ஸ் வொர்க்‌ஷீட்' என்று தேடினால் லட்சக்கணக்கில் வந்து விழும். எதை எடுப்பது என்று தெரியாது. ஏன் தெரியவில்லை என்றால், பாடம் முடியும்போது பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'மணி அடிப்பதற்குள் ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த ஒரு சின்ன விபத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.' இப்படி எழுதிவிட்டால் தேட வேண்டியது சுருங்கிவிடும். வேண்டியது ஒரு விபத்தைப் பற்றிய சின்னக் கதை, அதில் வரும் வினைச்சொற்களின் பட்டியல், ஒரு படம். அவ்வளவுதான். பல நாள் இந்த வாக்கியத்தை எழுதியபின் 'பாடநூலில் இருக்கும் பத்தியே போதும்' என்று தெரிந்து, தேடாமலே படுத்திருக்கிறேன்.

3. வகுப்பின் தரத்தை அளந்து பாருங்கள். வகுப்பின் எண்ணை நம்பாதீர்கள்

ஒன்பதாம் வகுப்பு என்பது வயதைச் சொல்லும், ஆங்கிலத்தைச் சொல்லாது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று குறி இருக்கும். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. ஏ1 தொடக்க நிலை, சி2 மிகத் தேர்ந்த நிலை. ஒரே வகுப்பில் ஏ1-உம் பி1-உம் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

பனுவல் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. 100 சொல் உள்ள ஒரு துண்டை எடுத்து, வகுப்பில் நடுத்தரமாகப் படிக்கும் நான்கைந்து பேரிடம் கொடுத்து, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். யார் உதவியும் இல்லாமல் ஒரு பனுவலைப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது மொழி கற்பித்தல் ஆய்வுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அளவு. அதாவது இரண்டு கோடுதான் விழலாம். நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கப் போகிறீர்கள் என்றால் ஐந்து வரை போகலாம். பத்துக்கு மேல் விழுந்தால் அந்தப் பனுவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கி வையுங்கள். அதை வைத்துப் பாடம் நடத்தினால் அது வாசிப்பு வகுப்பாக இருக்காது, அகராதி வகுப்பாகிவிடும்.

இதில் ஒரு பொறி. தெரியாது என்று காட்டிக்கொள்ளப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். அதனால் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால், தனியாக 20 சொல்லைப் பட்டியல் போட்டுக் கொடுத்து, தெரிந்ததற்கு டிக் போடச் சொல்லுங்கள். அதில் ஆங்கிலம் மாதிரியே ஒலிக்கும், ஆனால் எந்த அகராதியிலும் இல்லாத மூன்று போலிச் சொற்களைச் சேர்த்துவிடுங்கள். சொல்வளத் தேர்வுகளில் நெடுநாளாகப் புழங்கும் உத்திதான் இது. என் வகுப்பில் முதல் தடவை பாதிப் பேர் மூன்றும் தெரியும் என்று டிக் போட்டிருந்தார்கள். யாரையும் திட்டவில்லை. அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

தனிச் சொல்லின் கடினத்தைப் பார்க்க கேம்பிரிட்ஜ் இணைய அகராதி கைகொடுக்கும். பல சொற்களுக்குப் பக்கத்திலேயே அது எந்த நிலைக்குரிய சொல் என்று குறித்திருப்பார்கள். கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் அடிப்படைச் சொற்களுக்குத் தனிக் குறி உண்டு.

4. ஐந்தாறு இடங்கள் போதும், இருபது நிமிடம் போதும்

கடிகாரத்தில் 20 நிமிடம் வையுங்கள். அதற்குள் கிடைத்ததை வைத்துப் பாடம் நடத்துங்கள். நாற்பதாவது நிமிடத்தில் கிடைப்பது இருபதாவது நிமிடத்தில் கிடைத்ததைவிட நன்றாக இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

நான் திரும்பத் திரும்பப் போகும் இடங்கள் இவை. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆசிரியர் தளத்தில் பாடத்திட்டங்கள் கிடைக்கும். பதின்ம வயதினருக்கென்று அவர்களுக்கே தனித் தளம் ஒன்று இருக்கிறது, நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிபிசியின் ஆங்கிலம் கற்கும் பகுதியில் ஆறே நிமிட உரையாடல்கள் எழுத்து வடிவத்தோடு இருக்கின்றன, ஆனால் நடுத்தர நிலைக்குக் கீழே உள்ள வகுப்புக்கு அவை கொஞ்சம் வேகம். விக்கிப்பீடியாவின் எளிய ஆங்கிலப் பதிப்பு தகவல் பத்திகளுக்கு நல்லது. அங்கே சில பக்கங்கள் இரண்டே வரியில் நின்றுவிடும். அப்படி இருந்தால் நேரம் கடத்தாமல் வேறு தலைப்புக்குப் போய்விடுங்கள்.

கதைகளுக்கு ப்ராஜெக்ட் குட்டன்பர்க். 1971-ல் தொடங்கிய மின்னூலகம், உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்கள் இலவசம். அவற்றைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்த ஒலிவடிவம் லிப்ரிவாக்ஸில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை: வாசிப்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். முதல் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்காமல் வகுப்பில் போடாதீர்கள். இன்னொன்று, நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் சின்னச் சின்ன சொற்களில்தான் காலை வாரும். கதை எளிது, வாக்கியம் நீளம்.

படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வெர்ஸ். கூகுளில் படம் தேடுவதானால் தேடல் கருவிகளில் பயன்பாட்டு உரிமை என்ற வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் தளங்கள்? முதல் பருவம் முடியும்வரை எதற்கும் சந்தா கட்டாதீர்கள். எது தேவை என்று உங்களுக்கே அதற்கு முன் தெரியாது. வருடச் சந்தா மலிவு என்று காட்டி மாதச் சந்தாவை மறைத்து வைத்திருப்பார்கள். 'இலவசச் சோதனை' என்று அட்டை எண்ணை வாங்கிக்கொண்டு, நாம் மறந்த அன்றைக்குப் பணத்தை எடுப்பார்கள். நான் அப்படி ஒரு முழு வருடச் சந்தா கட்டி இரண்டே தாள் இறக்கியிருக்கிறேன்.

எங்கிருந்து எடுத்தாலும் விடைக்குறிப்பை நம்பாதீர்கள். பேனாவை எடுத்து நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்கள். வகுப்பில் முன்பெஞ்சுப் பெண் எழுந்து 'இரண்டு விடையும் சரியாகத்தானே வருகிறது?' என்று கேட்ட அன்று, அந்த இலவசத் தாளைச் செய்தவருக்குப் பதில் நான் நின்று வழிந்தேன். கேள்வி எண் 7-இல் உண்மையிலேயே இரண்டு விடை சரி.

5. உரிமத்தை ஒரு வரியில் எழுதி வைக்கும் பழக்கம்

'பள்ளிக்குத்தானே, எதையும் எடுக்கலாம்' என்று சொல்வார்கள். பாதி உண்மை. கற்பித்தலுக்காகப் பயன்படுத்துவதற்குப் பல நாடுகளின் சட்டத்தில் சலுகை உண்டு. அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தை வகுப்பில் காட்டுவது ஒன்று. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து பெற்றோர் குழுவில் போடுவது வேறு. இரண்டாவதில்தான் ஆசிரியர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

உருவாக்கியவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடுவதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அது உள்ளவற்றில் நான்கு எழுத்துக்குறிகள்தான் தெரிந்துகொள்ள வேண்டியவை. 'பிஒய்' என்றால் உருவாக்கியவர் பெயரைப் போட வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நீங்கள் மாற்றிச் செய்ததை வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியா இந்த வகை. 'என்சி' என்றால் வணிக நோக்கத்துக்குக் கூடாது. வகுப்புக்குப் பரவாயில்லை, ஆனால் நாளைக்கு நீங்களே ஒரு பயிற்சி நூல் போட்டு விற்க நினைத்தால் அதில் இதைச் சேர்க்க முடியாது. 'என்டி' என்பதுதான் ஆங்கில ஆசிரியருக்குப் பெரிய பொறி. மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது என்று அர்த்தம். கடினமான பத்தியை எளிமையாக்கித் தாளாகக் கொடுப்பது நமக்கு அன்றாட வேலை, அதுவும் மாற்றியமைப்பதுதான். எளிமையாக்கப் போகிறீர்கள் என்றால் 'என்டி' போட்டதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பழைய கதைகளில் இன்னொரு குழி. பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு ஆனபின் நூல் பொதுச்சொத்தாகிறது; 50, 60 ஆண்டு என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. குட்டன்பர்க்கில் இருப்பவை அமெரிக்கச் சட்டப்படி பார்த்துப் போடப்பட்டவை. உங்கள் நாட்டுக் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுகதை எழுதிய ஓ. ஹென்றி 1910-ல் இறந்தவர், அவர் எழுதிய மூலத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் அதே கதையை ஒரு பதிப்பகம் மாணவர்களுக்காகச் சுருக்கி, எளிமையாக்கி, படம் போட்டு வெளியிட்டிருந்தால் அந்தச் சுருக்கத்துக்கும் படத்துக்கும் தனி உரிமை உண்டு. மூலத்தை எடுத்து நீங்களே சுருக்குங்கள். இரண்டு மணி நேர வேலை. அடுத்த பத்து வருடத்துக்கு அது உங்கள் சொத்து.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவே. ஒவ்வொரு தாளின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி: தலைப்பு, உருவாக்கியவர், எங்கே எடுத்தது, உரிமம், எடுத்த தேதி. எடுக்கும்போதே எழுதினால் அரை நிமிடம். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அரை நாள்.

6. ஒரு பனுவல், ஒரு வாரம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு புதுத் தாள் தேடினேன். இப்போது 200 முதல் 250 சொல்லுக்குள் ஒரே ஒரு நல்ல பனுவல், அதை வைத்து வாரம் முழுக்க வேலை. தேடும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகிறது, பிள்ளைகளும் அதே சொற்களை ஐந்து விதமாகச் சந்திக்கிறார்கள்.

முதல் நாள், ஓடி வந்து சொல்லும் டிக்டேஷன். பனுவலின் முதல் பத்தியை நான்கு சுவர்களில் ஒட்டுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் போய்ப் படித்து மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். பாதியில் இருவரும் இடம் மாற வேண்டும். வேண்டிய நகல் மொத்தம் நான்கு. சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஓட வேண்டாம். வரிசையின் முதல் ஆள் மட்டும் எழுந்து போய் வந்து, காதோடு காதாகப் பின்னால் கடத்தலாம். கடைசி ஆள் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதே தனி வேடிக்கை.

இரண்டாம் நாள் ஜிக்சா. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-ல் தொடங்கிய முறை. பனுவலை நான்காக வெட்டுங்கள். நால்வர் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. முதலில் ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் எல்லாம் ஒன்றுகூடிப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி வந்து தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். நான்கு பேர் சொன்னதையும் சேர்த்தால்தான் முழுக் கதையும் வரும். 40 பேர் வகுப்புக்குப் பத்துத் தாள். துண்டுகளைக் கலக்காமல் வைக்க ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் எழுத்தும் எண்ணும் போட்டு, பழைய உறைகளில் போட்டு வையுங்கள். இதைச் செய்யாமல் ஒரு தடவை நாற்பது துண்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போனேன். பிரிப்பதற்கே பாதி பீரியட் போயிற்று. 40 பேர் சரியாக நான்கால் வகுபடுவார்கள் என்றும் நம்ப வேண்டாம், தினமும் யாராவது வரமாட்டார்கள். இருவர் ஒரே துண்டைப் பகிர்வது எப்படி என்று முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்றாம் நாள் நகலே வேண்டாம். பனுவலில் இருந்து 60, 70 சொல் கொண்ட ஒரு பகுதியை இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள். முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாம் தடவை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு மூன்று மூன்று பேராக உட்கார்ந்து அந்தப் பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டும். டிக்டோகிளாஸ் என்பார்கள். மூலத்தோடு ஒப்பிடும்போதுதான் இலக்கணம் தானாக வெளியே வரும். 'நாங்கள் எழுதியதும் சரிதானே?' என்று சண்டைக்கு வருவார்கள். பல நேரம் அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்துச் சொல் சொல்லாக வாசித்தால் இது சாதாரண டிக்டேஷன் ஆகிவிடும். அந்த ஆசையை அடக்குவதுதான் கஷ்டம்.

நான்காம் நாள் கோடிட்ட இடம். வழக்கமாக ஏழாவது சொல்லையோ ஐந்தாவது சொல்லையோ கணக்காக எடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. எந்தச் சொல்லை எடுப்பது என்பதை அந்தப் பிள்ளைகள் செய்யும் தப்புதான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. தமிழில் சிந்திக்கும் பிள்ளை 'எ', 'தி' இரண்டையும் விட்டுவிடும், அல்லது எல்லாவற்றுக்கும் முன்னால் 'தி' போடும். உலகத்துக்கெல்லாம் சேர்த்துச் செய்த தாளில் இதற்குத் தனிக் கவனம் இருக்காது. ஆகவே ஆர்ட்டிகிளையும் 'இன்', 'ஆன்', 'அட்' மாதிரி இடத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்களையும் மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பேன். எந்த இடத்தில் விடுபட்டிருக்கிறது என்று கோடுகூடப் போடாமல் கொடுத்தால் கடினம் இரட்டிப்பாகும். நன்றாகப் படிப்பவர்களுக்கு அந்தத் தாள்.

ஐந்தாம் நாள் எழுதுவது. கதையில் வரும் ஒருவருக்குக் கடிதம், முடிவை மாற்றி எழுதுவது, அதே சம்பவத்தை இன்னொருவர் பார்வையில் சொல்வது, ஏதாவது ஒன்று. நான்கு நாளாக அதே சொற்களோடு புழங்கியதால் வெறும் தாளைப் பார்த்து யாரும் விழிப்பதில்லை.

7. தாள் கணக்கு

40 பேர், ஆளுக்கு இரண்டு தாள், வாரம் ஐந்து பீரியட். 400 தாள். ஒரு ரீமில் 500 தாள்தான் இருக்கும். ஒரே வகுப்புக்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு ரீம் என்றால் எந்த அலுவலகமும் முகம் சுளிக்கும், மிச்சம் உங்கள் பையிலிருந்து போகும்.

அதே வேலையை இப்படிச் செய்யலாம். ஒரு ஏ4 தாளில் ஒரே பயிற்சியை இரண்டு தடவை அச்சிட்டு நடுவில் வெட்டுங்கள். அரைத்தாளை இருவர் பகிரட்டும், விடையை நோட்டில் எழுதட்டும். 40 பேருக்குப் பத்துத் தாள் போதும். விடையை நோட்டில் எழுதினால் அதே தாளை அடுத்த பிரிவுக்கும் கொடுக்கலாம். முதல் முறை கொடுக்கும்போதே 'தாளில் எழுதாதீர்கள்' என்று பெரிதாக மேலே அச்சிடுங்கள்; வாயால் சொன்னால் ஐந்து பேராவது எழுதிவிடுவார்கள்.

எழுத்து 12 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். கலரில் அச்சிட்டு 'சிவப்பில் உள்ள சொல்லைப் பாருங்கள்' என்று கேள்வி வைத்திருந்தால், கறுப்பு வெள்ளை நகலில் அந்தக் கேள்வி செத்துப்போகும். படம் இருக்கும் தாளை ஒரு நகல் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு நாற்பது எடுங்கள். கறுப்புத் திட்டாக வரும் முகத்தை வைத்து யாரையும் வர்ணிக்கச் சொல்ல முடியாது.

நகல் எடுப்பதை முந்தின நாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். காலையில் முதல் மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மெஷின் முன்னால் எல்லா ஆசிரியரும் வரிசையில் நிற்பார்கள், அப்போதுதான் தாளும் சிக்கும்.

8. ஒலி, காணொளி, கணக்குகள்

ஒலிக்கோப்பைக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். செல்போனின் ஸ்பீக்கர் நாற்பது பேருக்குக் கேட்காது. ஃபேன் ஓடினால் சின்ன ஸ்பீக்கரும் கேட்காது. கருவி இல்லையென்றால் எழுத்து வடிவத்தை நீங்களே வாசியுங்கள், உங்கள் குரலும் ஆங்கிலம்தான்.

காணொளியை முன்கூட்டி ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் என்ன வரும் என்று தெரியாமல் ஒரு தடவை போட்டேன், அதோடு போதும். நடுவில் வரும் விளம்பரமும் வகுப்பறைக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தானியங்கி வசன எழுத்துகளில் தப்பு நிறைய. அதையே பயிற்சியாக்கிப் பிழை கண்டுபிடிக்கச் சொல்லலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் காணொளி வேண்டாம்.

இணைய வினாடி வினாக்களில் கவனிக்க வேண்டியது வயது. பல தளங்கள் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை, அல்லது பெற்றோர் ஒப்புதல் கேட்கின்றன. உயர்நிலையின் கீழ் வகுப்புகளில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். கஹூட் மாதிரியான தளங்களில் மாணவர்கள் கணக்கே இல்லாமல் ஒரு புனைபெயரோடு சேர முடியும், அந்த வழியைப் பிடியுங்கள். முழுப்பெயரும் பிரிவும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்குத் தேவையென்றால் அனுமதிப் படிவத்தை இரண்டு வாரம் முன்னால் அனுப்புங்கள். முதல் வாரத்தில் பாதிதான் திரும்பி வரும்.

9. சாட்ஜிபிடி வகையறா

நானும் பயன்படுத்துகிறேன். ஒரே பத்தியை ஏ2 நிலைக்கு ஒன்று, பி1 நிலைக்கு ஒன்று என்று எழுதித் தரச் சொன்னால் ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. கையால் செய்தால் ஒரு மணி நேரம். ஆனால் உண்மைத் தகவல் உள்ள பத்தியாக இருந்தால் ஒவ்வொரு ஆண்டையும் பெயரையும் சரிபார்க்க வேண்டும், கூசாமல் இட்டுக்கட்டும். கோடிட்ட இடப் பயிற்சியில் இரண்டு விடை பொருந்தும் கேள்விகளை அடிக்கடி செய்துவிடும். 'ஏ2' என்று கேட்டாலும் நடுவில் ஒரு பி2 சொல் நழுவி விழும், அகராதியில் பாருங்கள். மாணவர்களின் பெயரையோ விடைத்தாளையோ அதில் ஏற்றாதீர்கள்.

10. வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம்

தாளின் ஒரு பிரதியின் மேல் பேனாவால் மூன்று விஷயம் எழுதுங்கள். எத்தனை நிமிடம் எடுத்தது, எந்தக் கேள்வியில் தடுக்கியது, அடுத்த தடவை எதை நீக்குவது. அன்றைக்கே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை எழுதலாம் என்று விட்டால் திங்கள்கிழமை வகுப்பு நினைவில் இருக்காது.

கோப்பின் பெயரில் நிலை, திறன், தலைப்பு, நேரம் நான்கும் வரட்டும். 'ஏ2-வாசிப்பு-தீயணைப்பு-40நிமிடம்' என்று இருந்தால் அடுத்த வருடம் திறந்து பார்க்காமலே தெரியும். 'புதியது 2' என்று வைத்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். இரண்டு தடவை பயன்படுத்தியும் சரிப்படாத தாளை அழித்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் ஒரு ஃபோல்டரில் தள்ளி, பருவம் முடிந்ததும் அந்த ஃபோல்டரையே அழியுங்கள். பென்டிரைவில் ஒரு பிரதி, மின்னஞ்சலிலோ மேகச் சேமிப்பிலோ ஒரு பிரதி. பென்டிரைவ் தேர்வு வாரத்தில்தான் தொலையும்.